டீச்சர் ஆக எந்த டிகிரி? ஒரு வாசகர் கேள்வியும் அதன் பின்னால் சேர்ந்த குறிப்புகளும்

வாசகர் கேள்வி, மே 10, 2025

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் (பொன்னேரி தாண்டி உள்ளே) டீச்சர் ஆகணும் என்று சொல்கிற பிள்ளைகள் எல்லாம் தமிழ், இல்லாவிட்டால் வரலாறு என்றுதான் போகிறார்கள். கணக்கு, இயற்பியல் எடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. கஷ்டப்படாமல் கவர்மெண்ட் வேலை வேண்டும் என்கிற நினைப்புதான் காரணம் என்கிறேன். மறுக்கிறவர்கள் சொல்லுங்கள்.

மே 10, இரவு

மறுக்கிறேன். நான் தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருப்பவன். அதற்கு முன் பி.எஸ்சி. கணக்கு, பி.எட். முடித்து ஒரு மெட்ரிக் பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். மே, ஜூன் வந்தால் கடையில் அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பம்தான் ஓடும். விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். உள்ளூர்ப் பிள்ளைகளோடு அத்திப்பட்டு, மீஞ்சூர், அனுப்பம்பட்டு, கவரைப்பேட்டை என்று கும்மிடிப்பூண்டி லைன் பிள்ளைகளும் வருவார்கள். இங்கே யாருக்காவது பாட்டி வீடோ சித்தி வீடோ இருக்கும். வந்து உட்கார்ந்ததும் "கணக்குன்னா பயம்" என்று ஆரம்பித்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. முதல் கேள்வி, "அண்ணா, ஸ்டேஷன்ல இருந்து நடந்து போற மாதிரி எந்தக் காலேஜ்?" அடுத்தது, "காலைல ஷிப்டா, மதியமா?" பாடம் என்னவென்கிற பேச்சு அப்புறம்தான் வரும்.

மே 11

"ஷிப்டுக்கும் பாடத்துக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் கடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து உள்ளே போகிற ஊர். அப்பாவும் பெண்ணும் வந்திருந்தார்கள். பெண்ணுக்குக் கணக்கில் நல்ல மதிப்பெண். கணக்கு டீச்சர் ஆகணும் என்று அவளே தெளிவாகச் சொன்னாள். கலந்தாய்வுக்குப் போனால் அரசுக் கல்லூரி ஒன்றில் கணக்கு இரண்டாம் சுழற்சியில்தான் (அதாவது மதிய ஷிப்ட்) இடம் இருந்தது. வகுப்பு முடிய சாயந்திரம் ஆகும். ரயில் ஏறினாலும் பின்னால் வருகிற எக்ஸ்பிரஸுக்கு வழி விட்டு எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. இறங்குகிற நேரத்துக்கு ஷேர் ஆட்டோ இருக்குமா என்பது அதற்கப்புறம். அப்பா ரொம்பப் பேசவில்லை. கலந்தாய்வு முடிந்து சான்றிதழ் நகல் எடுக்கக் கடைக்கு வந்தபோது ஃபைலைத் திறந்து ஒவ்வொன்றாக நீட்டினார், கடைசியில் "இருட்டிட்டா சரிப்படாது தம்பி, காலைலயே இருக்கிறதப் போட்டாச்சு" என்றார். காலையில் இருந்தது வரலாறு. இப்போது அவள் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு போகப் போகிறாள். உங்கள் கணக்கில் இவளும் தைரியம் இல்லாதவள்தானே?

மே 13

பையன்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று ஒருவர். இருக்கிறது, வேறு மாதிரி. எண்ணூர், மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் மதியத்துக்கு மேல் வேலைக்குப் போகிற பையனுக்குக் காலை ஷிப்ட்தான் வேண்டும். காலை ஷிப்டில் கிடைக்கிற பாடத்தை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான்.

மே 13, கொஞ்சம் கழித்து

இன்னொன்றும் விட்டுப்போகக் கூடாது. பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கு ரயிலே கிடையாது, பஸ்ஸில் பொன்னேரி வரணும். அதனால் பொன்னேரி அரசுக் கல்லூரியில் என்னென்ன பாடம் இருக்கிறதோ அவ்வளவுதான் அவர்களுக்கு உலகத்தில் உள்ள பாடம். பெண் பிள்ளைகளுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு கொஞ்சம் எட்டிப் போகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிற புதுமைப் பெண் திட்டமும் கண்டிப்பாக உதவுகிறது. 2022 செப்டம்பரில் அதைத் தொடங்கி வைத்ததே நம்ம வடசென்னை பாரதி மகளிர் கல்லூரியில்தான். ஆனால் பணம் முதல் பட்டத்தோடு நின்றுவிடும். டீச்சர் ஆகிறவளுக்கு அதற்கப்புறம் பி.எட். இரண்டு வருடம் இருக்கிறது. 2015க்கு முன்னால் ஒரே வருடம். பல வீடுகளில் பேச்சு நிற்பது அந்த இடத்தில்தான்.

மே 18

ஞாயிறு, கடை லீவு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டிகிரியை 17 வயதில் தேர்ந்தெடுப்பதாக எல்லோரும் நினைக்கிறோம். கிராமத்தில் அது 15 வயதிலேயே முடிந்துவிடுகிறது. பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் என்ன குரூப் இருக்கிறதோ அதுதான். காமர்ஸ் குரூப் மட்டும் இருந்தால் பி.காம். அல்லது பி.ஏ. பொருளாதாரம். ரெண்டும் மதிப்பான படிப்பு, பிள்ளைகளும் ஆர்வமாகப் படிக்கிறார்கள். ஆனால் ஆறு முதல் பத்து வரை எடுக்கிற பட்டதாரி ஆசிரியர் பணியிடம் தமிழ், ஆங்கிலம், கணக்கு, இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் இவற்றுக்குத்தான். வணிகவியலும் பொருளாதாரமும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலை ஆசிரியராகத்தான் போக முடியும். அதைவிடப் பெரிய இடி, இந்தப் பாடங்களில் இளங்கலையை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே பி.எட். சேர முடியாது, முதுகலை முடித்திருக்க வேண்டும்.

என் மச்சினிச்சி கதை இதுதான். பொன்னேரி பக்கத்துக் கிராமம், வீட்டில் முதல் பட்டதாரி, பி.ஏ. பொருளாதாரம். பி.ஏ. முடித்து பி.எட். விண்ணப்பம் போட என்னிடம்தான் வந்தாள். தகுதிப் பக்கத்தைத் திறந்து இரண்டு தடவை படித்தாள், எதுவும் பேசவில்லை. அப்புறம், "மாமா, எம்.ஏ. முடிச்சாத்தானாம்" என்றாள். மூன்று, இரண்டு, இரண்டு என்று ஏழு வருடம். வரலாறு எடுத்த அவள் தோழிக்கு ஐந்து வருடம். கிராமத்தில் ஒரு பெண்ணுக்கு அந்த இரண்டு வருட வித்தியாசம் என்றால் என்னவென்று கல்யாண வயதுப் பெண் இருக்கிற வீட்டில் கேட்டுப் பாருங்கள். என் மாமனார் நல்லவர், படிக்க வைத்தார். எல்லா அப்பாவும் அப்படி இல்லை.

பள்ளிக்கூடத்தில் இதை யாராவது சொன்னார்களா என்று அவளைக் கேட்டேன். "எங்க டீச்சர்தான் எதுல வேணா ஒரு டிகிரி எடு, பி.எட். போட்டா போதும்னாங்க" என்றாள். அந்த டீச்சரைத் திட்ட மாட்டேன். அவர் வேலைக்கு வந்தது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில். பட்டம், பி.எட்., பதிவு, காத்திருப்பு, ஒருநாள் அழைப்புக் கடிதம். அவருக்குத் தெரிந்த வழி அது, அதையே சொல்லிக் கொடுத்தார். 2012ல் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) வந்ததோடு அந்த வழி போயிற்று. முதல் தேர்வில் எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை என்பது நினைவிருக்கும். 2018ல் இன்னொரு அரசாணை, தகுதித் தேர்வு பாஸ் பண்ணினால் போதாது, நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வும் எழுதணும் என்று. கிராமத்துப் பிள்ளைக்கு அரசு வேலையில் தெரிந்த ஒரே ஆள் அந்த டீச்சர்தான். அவர் நடந்து வந்த பாதை மூடியே பல வருடம் ஆகிறது. நல்லெண்ணத்தோடுதான் அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள்.

மே 19

"பி.காம். படித்தால் டீச்சர் ஆகவே முடியாது என்று பயமுறுத்துகிறீர்கள்" என்று ஒரு கோபம். மேலே என்ன எழுதியிருக்கிறேன் என்று திரும்பப் படியுங்கள். பி.காம்., எம்.காம்., பி.எட். என்று போய் முதுகலை ஆசிரியர் ஆகலாம், நன்றாகவே ஆகலாம். வருடக் கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மே 19, மாலை

"வக்கத்தவனுக்கு வாத்தியார் வேலை, போக்கத்தவனுக்கு போலீஸ் வேலை" என்று ஒரு நண்பர் எழுதிவிட்டுச் சிரிப்புப் படம் போட்டிருக்கிறார். இரண்டுக்கும் விண்ணப்பம் என் கடையில்தான் போடுகிறார்கள் ஐயா. எழுதுகிற கூட்டத்தைப் பார்த்தால் வக்கும் போக்கும் நாட்டில் யாருக்குமே இல்லை போல.

மே 24

டி.டி.எட். (புதுப் பெயர் டி.எல்.எட்.) பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பிளஸ் டூ முடித்ததும் இரண்டே வருடம், ஒன்று முதல் ஐந்து வரை எடுக்கிற இடைநிலை ஆசிரியருக்கான படிப்பு. பட்டயப் படிப்புதான் என்றாலும் ஒரு காலத்தில் கிராமத்துப் பெண்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சீக்கிரம் முடியும், வேலை கிடைத்ததும் அஞ்சலில் பி.லிட்., பி.ஏ. என்று படித்து மேலே ஏறலாம். அந்த ஆசையில் திரும்பின பக்கமெல்லாம் தனியார் பயிற்சி நிறுவனங்கள் முளைத்தன. படித்து வெளியே வந்தவர்களுக்கு இடம் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் குறைந்து நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடின. அதனால் இன்று கிராமத்தில் "டீச்சர் டிரெய்னிங்" என்றாலே அம்மாக்கள் வேண்டாம் என்கிறார்கள். ஒவ்வொரு தெருவிலும் டி.டி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற ஒரு அக்கா உண்டு. அவளைக் காட்டி அடுத்த பெண்ணைத் தடுக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் இதை விட்டு ஓடின பிறகு 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளிக்கு பி.எட். செல்லாது, பட்டயப் படிப்புதான் தகுதி என்று சொல்லிவிட்டது. 2024 பிப்ரவரியில் 1,768 இடைநிலை ஆசிரியர் பணியிடத்துக்கு அறிவிப்பும் வந்தது. அந்த வாரம் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இடுப்பில் குழந்தையோடு வந்தார்கள். சான்றிதழ் பிளாஸ்டிக் கவரில், மடித்த இடத்தில் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டி. ஸ்கேனரில் வைத்தால் டேப் பளபளத்து எழுத்து தெரியாது, மூன்று நான்கு தடவை திருப்பித் திருப்பி வைக்கணும்.

சேரலாமா வேண்டாமா என்று கேட்டால் சேரலாம் என்பேன். ஆனால் மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனத்தில் (திருவள்ளூர் மாவட்டத்துக்குத் திரூரில் இருக்கிறது) இடம் கிடைத்தால் மட்டும். தனியாரிடம் பணம் கட்டிப் படிக்க வேண்டாம்.

ஜூன் 3

கலந்தாய்வு நேரம். தமிழ்வழியா, ஆங்கிலவழியா என்று சண்டை நடக்கிற வாரம் இது. கணக்கு, அறிவியல் பாடங்களுக்குச் சில அரசுக் கல்லூரிகளில் இரண்டும் உண்டு. பெற்றோர் எல்லோரும் "இங்கிலீஷ் மீடியமே போடு தம்பி". பிள்ளை பன்னிரண்டு வருடம் ஊர்ப் பள்ளியில் தமிழில் படித்திருக்கும். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது, அதற்குப் பள்ளியில் தொடங்கி அந்தப் பதவிக்கு வேண்டிய படிப்பு முழுக்கத் தமிழில் இருக்கணும் என்று சொன்னால், "அப்படியா" என்று கேட்டுவிட்டு இங்கிலீஷ் மீடியத்தையே டிக் அடிக்கச் சொல்கிறார்கள். அரசு வேலை கிடைக்காவிட்டால் பிள்ளை தனியார் பள்ளிக்குத்தான் போகணும், அங்கே நேர்காணலில் இங்கிலீஷ் வராவிட்டால் வெளியே நிற்க வைத்துவிடுவார்கள். பெற்றோர் இரண்டு பக்கமும் பார்க்கிறார்கள். நான் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு அறிவுரை சொல்கிறேன் என்று சில நாள் தோன்றும்.

ஜூன் 4

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து பி.எட். போகலாமா என்று கேட்ட தம்பிக்கு: போகலாம், தடை இல்லை. ஆனால் மேலே எழுதின பட்டியலைப் பார். பத்தாம் வகுப்பு வரை அதற்குப் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் கிடையாது. 2019ல் கணினிப் பயிற்றுநர் 814 இடத்துக்குத் தேர்வு வைத்தார்கள், அதற்கு முதுகலையும் பி.எட்.டும் கேட்டார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸில் பி.எட். முடித்த கூட்டம் எத்தனை வருடமாக மனு கொடுக்கிறது என்று டிபிஐ வளாக (பள்ளிக் கல்வித் துறை தலைமை அலுவலகம்) வாசலில் டீக்கடை வைத்திருப்பவரைக் கேள்.

ஜூன் 15

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். "ரயில், ஷிப்ட் எல்லாம் சரி, ஆனால் கணக்கு பயம் இல்லவே இல்லை என்கிறீர்களா" என்று.

இருக்கிறது. அதில் அவரோடு ஒத்துப்போகிறேன். எங்கிருந்து வருகிறது என்பதில்தான் தகராறு. உள்ளே இருக்கிற பள்ளிக்குக் கணக்கு ஆசிரியர் வந்தால் எப்போது மாறுதல் கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டே இருப்பார், போய்விட்டால் இடம் காலியாகவே கிடக்கும். 2022ல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தார்களே, இடைநிலைக்கு மாதம் 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. அந்தப் பத்தாயிரத்துக்கு மீஞ்சூரில் இருந்து ரெண்டு பஸ் மாறி யார் தினமும் போவார்? ஒன்பதாம் வகுப்பில் பாதி வருடம் கணக்கு டீச்சர் இல்லாமல் ஓடின பிள்ளை பத்தாம் வகுப்பில் 35 வாங்கித் தப்பித்தால் போதும் என்று இருக்கும். பதினொன்றில் கணக்கு குரூப்பை அது ஏன் தொடப்போகிறது? அதே பள்ளியில் தமிழ் ஐயா பல வருடமாக அங்கேயே இருப்பார், பிள்ளைகளின் பெயர், அப்பா பெயர் எல்லாம் தெரியும், பேச்சுப் போட்டிக்கு அழைத்துப் போவார். பிள்ளை தமிழ் எடுக்காமல் வேறு என்ன எடுக்கும்? அதைச் சோம்பல் என்றால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பிள்ளை பார்த்த ஒரே முழு ஆசிரியர் அவர்தான்.

ஜூன் 16

நேற்று எழுதியதைப் படித்த ஒரு தமிழாசிரியர், "தமிழ் எடுப்பது சுலபம் என்று யார் சொன்னது, போட்டித் தேர்வில் எங்கள் பாடத்துக்குத்தான் கூட்டம் அதிகம், கட் ஆஃப் பார்த்தால் தலை சுற்றும்" என்கிறார். நியாயம்தான் ஐயா.

ஜூலை 12

முதுகலை ஆசிரியர் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டது, 1,996 இடம். கடையில் கூட்டம்.

நேற்று ஒரு அம்மா வந்தார், கவரைப்பேட்டைப் பக்கம். பி.எஸ்சி. தாவரவியல், அப்புறம் எம்.ஏ. தமிழ், அப்புறம் பி.எட். தமிழ் பிடிக்கும் என்பதால் எம்.ஏ. அஞ்சலில் ஆசையாகப் படித்தவர். முதுகலை ஆசிரியருக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்கணும். பாடம் மாறினால், அதாவது கிராஸ் மேஜர், செல்லாது. தாவரவியலில் எம்.எஸ்சி. இல்லை, தமிழில் பி.ஏ. இல்லை. இரண்டு பட்டம் கையில் இருந்தும் இரண்டு வாசலும் மூடியிருக்கிறது. பட்டதாரி ஆசிரியருக்குத் தாவரவியலில் போகலாம் என்று சொல்லி அனுப்பினேன். விண்ணப்பம் போடாததால் காசு வாங்கவில்லை, அவர் கேட்காமலே பத்து ரூபாயை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

தாவரவியல் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். "பி.ஏ. தமிழ்னா மாப்பிள்ளை வீட்டுல மதிக்க மாட்டாங்கன்னு அண்ணன் சொன்னாரு." ரயில், ஷிப்ட், குரூப் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அண்ணனை மறந்துவிட்டேன் பாருங்கள். எந்த விண்ணப்பத்திலும் அண்ணனுக்கு என்று ஒரு கட்டம் இருப்பதில்லை.

ஜூலை 20

பி.எட். எங்கே படிக்கலாம் என்று கேட்டவர்களுக்கு. மாநிலத்திலேயே அரசு பி.எட். கல்லூரி 7தான். சென்னையில் இரண்டு, சைதாப்பேட்டையும் கடற்கரைச் சாலை லேடி வெலிங்டனும். வடசென்னையில் இல்லை, திருவள்ளூர் மாவட்டத்திலும் இல்லை. கும்மிடிப்பூண்டியில் ஏறி சென்ட்ரல் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷன் போய் தாம்பரம் வண்டி பிடித்து சைதாப்பேட்டை. போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். போக முடியாதவர்களைப் பிடிக்கத்தான் புரோக்கர் நிற்கிறான்: "காலேஜுக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு வந்தா போதும்." வகுப்பே எடுக்காமல் வாத்தியார் சான்றிதழ். தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே பி.எட். முடிக்கிற கிராமத்துப் பெண்கள் இதில்தான் விழுகிறார்கள், ஏனென்றால் அந்தச் சம்பளத்தை விட முடியாது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படிச் சேர்ந்தார். பணம் பாக்கி என்று ஒரிஜினல் சான்றிதழை வைத்துக்கொண்டார்கள், விண்ணப்பத் தேதி போயிற்று. கல்லூரி பெயரைக் கேட்காதீர்கள், போட மாட்டேன். எங்கே சேர்ந்தாலும் ஒரிஜினலைக் கொடுத்தால் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்குங்கள்.

செப்டம்பர் 3

முந்தாநாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. ஏற்கெனவே வேலையில் இருக்கிற ஆசிரியர்களும் ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால் இரண்டு வருடத்துக்குள் தகுதித் தேர்வு தேறணும். ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்கள் தொடரலாம், பதவி உயர்வு கிடையாது. காலையில் கடைக்கு வந்த தலைமையாசிரியர் ஒருவர் பாடப் புத்தகம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார், முகம் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

இதைப் பார்த்துவிட்டு "இனி யாரும் ஆசிரியர் படிப்பே எடுக்க மாட்டார்கள்" என்று கீழே எழுதுகிறீர்கள். எடுப்பார்கள். அதே லைனில் இருந்து, அதே காலை ஷிப்ட் கேட்டுக்கொண்டு வருவார்கள். கிராமத்தில் ஒரு பெண் படித்துவிட்டு ஊரை விட்டுப் போகாமலே பார்க்கக்கூடிய மரியாதையான வேலை வேறு என்ன இருக்கிறது?

நவம்பர் 17

தகுதித் தேர்வு சனி, ஞாயிறு முடிந்தது. சிறப்புத் தேர்வை விட்டுவிட்டால் 2012, 2013, 2017, 2019, 2022, இப்போது 2025. எந்த வருடம் வரும் என்றே தெரியாத தேர்வை நம்பித்தான் பதினேழு வயதில் பாடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். என் மச்சினிச்சி இதை எழுதவில்லை, முதுகலைத் தேர்வை அக்டோபரிலேயே எழுதிவிட்டாள். முடிவு வரட்டும்.

நவம்பர் 18

சான்றிதழில் பாடத்தின் பெயர் வேறு மாதிரி இருக்கிறது (பயன்பாட்டு இயற்பியல், தாவர உயிரியல் இந்த மாதிரி), செல்லுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இணையான படிப்பு என்று அந்தப் பாடத்துக்கு அரசாணை இருந்தால் செல்லும், இல்லாவிட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். பட்டச் சான்றிதழில் எப்படி அச்சடித்திருக்கிறதோ அப்படியே, பல்கலைக்கழகம், வருடம் சேர்த்து இங்கே எழுதுங்கள், தேடிப் பார்த்துச் சொல்கிறேன். பெயர், பதிவு எண் எல்லாம் போட வேண்டாம். கல்லூரியில் இன்னும் சேராதவர்கள் சேருவதற்கு முன்னாலேயே கேளுங்கள். கடைக்கு நேரில் வருகிறவர்கள் ஞாயிறு வர வேண்டாம், பூட்டியிருக்கும்.